ஃபோர்க் ஆயில் எத்தனை டபிள்யூ? அறிகுறியிலிருந்து தொடங்கலாம்

நான் வாங்கிய ஹிமாலயன் 411 பைக் செகண்ட் ஹேண்ட். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளையும் அழகாக ஏறிய வண்டி, எஸ்டேட் மண் ரோட்டில் இறங்கியதும் மணிக்கட்டை உடைக்க ஆரம்பித்தது. சின்னக் கல் ஏறினாலே ஹேண்டில்பாரில் சுத்தியல் அடி. பெரிய பள்ளத்தில் விழுந்தால் 'டங்' என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம் வேறு. கூட வந்த இருவரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "ஆயில் கெட்டியா இருக்குதுங்க, 5 டபிள்யூ ஊத்திருங்க" என்றார் ஒருவர். "ஆயில் செத்துப் போச்சுங்க, அதான் அடிவாங்குது. 20 டபிள்யூ ஊத்துனா சரியாயிரும்" என்றார் மற்றவர். டபிள்யூ என்பது ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் கெட்டித்தன்மை எண், எண் கூடினால் ஆயில் கெட்டி.

ஃபோர்க்கைப் பிரித்துப் பார்த்தால், முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்வை வாங்கும் அந்த இரண்டு குழாய்க் காலிலும் எஞ்சின் ஆயில். முன்பு வண்டி வைத்திருந்தவரைக் கேட்டேன். பட்டறையில் மீதி இருந்த 20டபிள்யூ40-ஐ ஊற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். போதாததற்கு இடது காலில் ஆயில் மட்டம் வலது காலைவிட 40 மி.மீ. கீழே நின்றது. அதாவது ஆயில் தேவைக்கு மேல் கெட்டி, அளவு தேவைக்குக் குறைவு. சுத்தியல் அடி முதலாவதால் வந்தது, 'டங்' இரண்டாவதால் வந்தது. 5 டபிள்யூ ஊற்றியிருந்தால் அடி குறைந்து 'டங்' கூடியிருக்கும். 20 ஊற்றியிருந்தால் 'டங்', மணிக்கட்டு வலி இரண்டும் ஏறக்குறைய அப்படியே இருந்திருக்கும்.

அதிலிருந்து, "எத்தனை டபிள்யூ ஊத்தலாம்?" என்று யாராவது கேட்டால் நான் எண் சொல்வதில்லை. வண்டி என்ன செய்கிறது என்று கேட்கிறேன். கீழே இருப்பதும் அந்த வரிசைதான். தாரிலும் மண்ணிலும் ஓடுகிற, சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்: ஹிமாலயன் 411 (41 மி.மீ. பைப், 200 மி.மீ. டிராவல், அதாவது ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த தூரம்), எக்ஸ்பல்ஸ் 200 (37 மி.மீ. பைப், 190 மி.மீ. டிராவல்) மாதிரி. உள்ளே வால்வு அடுக்கு வைத்த கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் உள்ளவர்களுக்குப் பின்னால் ஒரு பத்தி இருக்கிறது.

உள்ளே நடப்பது

ஃபோர்க்குக்குள் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஆயில், ஃபோர்க் எவ்வளவு வேகமாக அமுங்கலாம், எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆயிலுக்கு மேலே மூடிக்கு அடியில் அடைபட்டிருக்கும் காற்று இரண்டாவது ஸ்பிரிங். மூன்றாவது ஆளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கி, முனையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு தள்ளிப் பாருங்கள். முதல் பாதி லேசாகப் போகும். கடைசிக் கொஞ்சம் கல் மாதிரி நிற்கும். ஃபோர்க்கில் உள்ள காற்றும் இதே கதைதான். ஆயில் அளவைக் கூட்டினால் காற்றுக்கு இடம் குறையும், டிராவலின் கடைசி மூன்றில் ஒரு பங்கு இறுகும். முதல் பங்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆயிலின் கெட்டித்தன்மையை மாற்றினாலோ மேலிருந்து கீழ்வரை எல்லா இடமும், போகும்போதும் வரும்போதும், மாறும். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

இந்த வகை ஃபோர்க்கில் ஆயில் நிலையான அளவுள்ள சில ஓட்டைகள் வழியாகத்தான் போய்வருகிறது. ஓட்டையின் குணம் ஒன்று: மெதுவாகத் தள்ளினால் ஏறக்குறைய தடையே இல்லை, வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. பிரேக் போடும்போது மூக்கு இறங்குவது ஃபோர்க்கைப் பொறுத்தவரை மெதுவான அசைவு. 50 கி.மீ. வேகத்தில் கல் முனையில் டயர் ஏறுவது மிக வேகமான அசைவு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

நான்கு விஷயங்களைப் பார்க்காமல் ஆயில் வாங்கக் கிளம்ப வேண்டாம்.

டயர் காற்று. தார் ரோட்டுக்கு அடித்த காற்றோடு மண்ணில் இறங்கி, ஃபோர்க்கைத் திட்டுபவர்கள் ஏராளம்.

கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'டக்' என்று கை உணர்ந்தால் அது ஆயில் பிரச்சினையே இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி நின்றால் கோன்செட் போய்விட்டது.

ஆக்சில் இறுக்கம். வீலைக் கழற்றி மாட்டியவர் ஆக்சிலையும் அதைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டையும் ஒரேயடியாக முடுக்கிவிட்டுப் போயிருந்தால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நிற்கும். பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, முன்பக்கத்தை நாலைந்து முறை நன்றாக அமுக்கி எடுத்து, பிறகு முடுக்குங்கள். செலவு இரண்டு நிமிடம். இதிலேயே "ஃபோர்க் புதுசு மாதிரி ஆயிருச்சு" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, கேபிள் டை. ஃபோர்க்கின் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, குரோம் பைப்பைச் சுற்றி ஒரு சின்ன கேபிள் டையை நழுவும் அளவுக்குக் கட்டி, டஸ்ட் சீல் மேல் இறக்கிவையுங்கள். ஓட்டி முடித்ததும் அது நிற்கும் இடம், ஃபோர்க் எவ்வளவு ஆழம் போனது என்பதைச் சொல்லும். பத்து ரூபாய்கூட ஆகாத இந்தக் கருவி இல்லாமல் கீழே எழுதியிருக்கும் பாதி விஷயங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

அதே கேபிள் டையால் சேக்கையும், அதாவது ஆள் ஏறி உட்கார்ந்ததும் எடையால் ஃபோர்க் அமுங்கும் அளவையும் அளக்கலாம். முன் சக்கரம் தொங்கும்போது ஒரு அளவு, வழக்கமான உடையோடும் லக்கேஜோடும் நீங்கள் ஏறி உட்கார்ந்த பின் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருக்கலாம். 200 மி.மீ. டிராவலுக்கு 60 முதல் 66 மி.மீ. வண்டியைப் பிடித்துக்கொள்ள ஒருவர், அளக்க ஒருவர் வேண்டும். 80, 90 என்று வந்தால் உங்களுக்குத் தேவை ஸ்பிரிங், ஆயில் இல்லை. எந்த எண் ஆயிலும் நின்றுகொண்டிருக்கும் வண்டியைத் தூக்கிப் பிடிக்காது.

சின்னக் கல்லுக்கே கை அதிர்கிறது

கேபிள் டை பாதி டிராவலைக்கூடத் தாண்டவில்லை, ஆனால் ஒவ்வொரு கல்லும் கைக்கு வருகிறது. பெரும்பாலும் ஆயில் கெட்டி, அல்லது உராய்வு.

எப்படிப் பிரிப்பது? குளிர்ந்த வண்டியில் முன்பக்கத்தை விரல் நுனியால் அமுக்குவது போல மெதுவாக அழுத்துங்கள். முதலில் அசையவே மறுத்து, திடீரென்று விட்டுக்கொடுத்தால் அது உராய்வு: வளைந்த பைப், நெரிக்கும் ஆக்சில், காய்ந்த சீல், தேய்ந்த புஷ். மெதுவாக அழுத்தும்போது வழவழவென்று போய், ஓங்கி அழுத்தினால் மட்டும் முரண்டு பிடித்தால் அது ஆயில். மேலே சொன்ன ஓட்டைக் கணக்குதான்.

ஆயில் என்று தெரிந்தால் ஒரு படி இறங்குங்கள். 15 இருந்தால் 10, 10 இருந்தால் அதே கம்பெனியின் 7.5, அது கிடைக்காவிட்டால் 5-ஐயும் 10-ஐயும் கலந்தது. ஒரே கம்பெனி, ஒரே வரிசை ஆயிலைக் கலக்கலாம், தப்பில்லை. வெவ்வேறு கம்பெனிகளின் ஆயிலைக் கலந்தால் என்ன கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது.

என் வண்டியில் இருந்த மாதிரி எஞ்சின் ஆயில் இருந்தால் படிக்கணக்கெல்லாம் வேண்டாம். நேராக 10-க்கு வந்துவிடுங்கள்.

ஒரு பள்ளம் சரி, பத்து பள்ளம் வந்தால் கல்லாகிவிடுகிறது

இது மேலே உள்ளதைப் போலவே தோன்றும், ஆனால் வேறு. சோப்புப் பெட்டி மாதிரி வரிவரியாக மேடு விழுந்த மண் ரோடு. முதல் இரண்டு மேடு நன்றாக இருக்கிறது, போகப் போக இறுகுகிறது. நின்று பார்த்தால் கேபிள் டை எதிர்பார்த்ததைவிட மேலே நிற்கிறது. ஃபோர்க் அமுங்கியபின் திரும்பி வர நேரம் போதவில்லை. அடுத்த மேடு வருவதற்குள் பாதிதான் எழுந்திருக்கிறது. அங்கிருந்து மறுபடி அமுங்குகிறது. ஏழெட்டு மேட்டில் டிராவல் தீர்ந்துபோகிறது.

ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழுவது, மெதுவாகிவிட்டது என்று பொருள். ஆயிலின் கெட்டித்தன்மை இந்த ஃபோர்க்குகளில் அதிகமாகத் தெரிவது திரும்பி வரும் பக்கத்தில்தான், ஏனென்றால் அந்தப் பக்கத்து ஓட்டைகள் சின்னவை. ஆகவே தீர்வு: லேசான ஆயில்.

சரிபார்க்க ஒரு வழி. இருபது நிமிடம் ஓட்டி ஆயில் சூடானபின், வண்டிக்குப் பக்கத்தில் நின்று முன்பக்கத்தை முழு உடம்பாலும் அமுக்கிச் சட்டென்று விடுங்கள். எழுந்து வந்து ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தாத்தா நாற்காலியிலிருந்து எழுவது போல வந்தால் கெட்டி. மேலே தாண்டிப்போய், மறுபடி இறங்கி நின்றால் லேசு. இந்தச் சோதனையைக் காலையில் குளிர்ந்த வண்டியில் செய்து முடிவெடுக்க வேண்டாம்.

துள்ளுகிறது, பறக்கிறது

வேகத்தடை ஏறி இறங்கியதும் முன்பக்கம் இரண்டு முறை ஆடுகிறது. வளைவில் சின்னப் பள்ளம் வந்தால் முன் டயர் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் போகிறது. ரீபவுண்டுக்குத் தடை போதவில்லை. இங்கே ஒரு படி கெட்டியான ஆயில் என்பது சரியான பதில். ஆனால் ஒரு நிபந்தனை: உள்ளே இருப்பது புது ஆயிலாக இருந்தால் மட்டும்.

30,000 கி.மீ. ஓடிய வண்டியில் துள்ளல் வந்தால் முதலில் கம்பெனி சொன்ன அதே எண்ணில் புது ஆயிலை ஊற்றுங்கள். பழைய ஆயில் வெட்டுப்பட்டு, வெட்டுப்பட்டு நீர்த்துப்போயிருக்கும். அதோடு ஒப்பிட்டு 15-க்குத் தாவினால் அடுத்த வாரம் "சின்னக் கல்லுக்கே கை அதிர்கிறது" பகுதியைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். புது ஆயிலுக்குப் பிறகும் துள்ளினால், ஆயில் போய்வரும் ஓட்டைகள் உள்ள டேம்பர் ராடின் தலையில் இருக்கும் வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஓட்டையைச் சுற்றி ஆயிலைக் கசிய விட்டால் எந்த எண்ணும் பிடித்து நிற்காது.

பிரேக் போட்டால் மூக்கு குத்துகிறது

கெட்டி ஆயில் விற்பனையாவதே இந்த ஒரு புகாரால்தான் என்று நினைக்கிறேன். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

மூக்கு எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை ஸ்பிரிங்கும் காற்றும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பதில் மட்டும் ஆயிலுக்குப் பங்கு. அதுவும் இந்த அசைவு மெதுவானது என்பதால் ஓட்டை பெரிதாகத் தடுப்பதில்லை. மூக்கு குத்துவது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைய வேண்டுமானால் அவ்வளவு கெட்டியாக ஊற்ற வேண்டியிருக்கும். அந்த அளவுக்குக் கெட்டியாக்கினால் கல் முனையில் ஏறும்போது ஃபோர்க் பூட்டிக்கொள்ளும். தாரில் ஒரு ரூபாய் லாபம், மண்ணில் ஐந்து ரூபாய் நஷ்டம்.

நீண்ட டிராவல் உள்ள வண்டி பிரேக்குக்கு மூக்கை இறக்கத்தான் செய்யும், அது அதன் பிறவிக் குணம். சேக் சரியாக இருந்தும் தொந்தரவாக இருந்தால் ஆயில் அளவை 10 மி.மீ. உயர்த்திப் பாருங்கள். சேக் அதிகம் என்றால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் ஸ்பேசரை நீட்டுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பி.வி.சி. பைப்பை நேராக அறுத்து, முனைகளை உரசி, பழைய வாஷரோடு போடுவதைப் பலர் வருடக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறார்கள். 10 மி.மீ. நீட்டினால் வண்டி முன்பக்கம் ஏறக்குறைய அவ்வளவு உயரும். ஆனால் ஸ்பிரிங் இதனால் கடினமாவதில்லை. 95 கிலோ ஆள், இரண்டு சேடில் பேக், பெட்ரோல் கேன் என்று ஓட்டுபவருக்குக் கடினமான ஸ்பிரிங்தான் வழி.

இரண்டையும் ஒன்றாக வேண்டும், பிரேக்கிலும் நிற்க வேண்டும், கல்லையும் விழுங்க வேண்டும் என்பவர்களுக்கு எமுலேட்டர் வால்வு என்று ஒன்று உண்டு. டேம்பர் ராடின் தலையில் ஸ்பிரிங்குக்கு அடியில் உட்காரும். ராடில் இருக்கும் அமுங்கும் பக்கத்து ஓட்டைகளைப் பெரிதாக்கிவிட்டு, அந்த வேலையை இந்த வால்வு எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஆயிலின் எண் ரீபவுண்டுக்கு மட்டும்தான். ஓட்டையைப் பெரிதாக்கியபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்பதால் இரண்டு நாள் யோசித்துச் செய்யுங்கள்.

பெரிய பள்ளத்தில் 'டங்'

கேபிள் டை முழுக்க மேலே ஏறி நிற்கிறது. மற்ற நேரமெல்லாம் ஃபோர்க் நன்றாகவே இருக்கிறது என்றால் ஆயில் எண்ணைத் தொடவே தொடாதீர்கள். அளவைத் தொடுங்கள்.

அளவு என்றால் மில்லிலிட்டர் இல்லை, காற்றிடைவெளி. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி நிமிர்த்தி வைத்து, பைப்பின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை எத்தனை மி.மீ. என்று அளப்பது. மில்லிலிட்டர் கணக்கில் ஊற்றினால் பழைய ஆயில் உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது கணக்கில் வராது. இரண்டு காலும் சமமாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

41 மி.மீ. பைப்பின் உள்விட்டம் 37 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. மட்டம் என்பது ஏறத்தாழ 11 மி.லி. ஆயில். என் இடது காலில் குறைந்த 40 மி.மீ. என்பது 43 மி.லி., அரை டீ கிளாஸ். அந்த அரை கிளாஸ்தான் 'டங்'.

சர்வீஸ் மேனுவலில் சொன்ன இடைவெளியிலிருந்து 10 மி.மீ. குறையுங்கள், அதாவது ஆயிலைக் கூட்டுங்கள். ஓட்டிப் பாருங்கள். இன்னும் அடித்தால் மறுபடி 10. அதற்கு மேல் போகாதீர்கள். காற்றுக்கு இடமே இல்லாமல் போனால் அழுத்தம் முழுக்க ஆயில் சீல் மேல் விழும், சீல் பிய்த்துக்கொள்ளும். 20 மி.மீ. கூட்டியும் அடித்தால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது. விஷயம் அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்க அறிகுறியும் உண்டு: எவ்வளவு பெரிய பள்ளத்தில் இறக்கினாலும் கேபிள் டை கடைசி 50, 60 மி.மீ.-க்குப் போவதே இல்லை, அங்கே சுவர் மாதிரி நிற்கிறது. யாரோ அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள். சிரிஞ்சால் 10 மி.மீ. உறிஞ்சி எடுங்கள்.

காலையில் ஒன்று, மதியம் ஒன்று

ஊட்டியில் விடியற்காலை கிளம்பும்போது முன்பக்கம் மரக்கட்டை. மேட்டுப்பாளையம் இறங்கி வந்ததும் வேறு வண்டி. இதில் கோளாறு எதுவும் இல்லை. 40 டிகிரியில் ஒரு அளவு கெட்டியாக இருக்கும் சாதாரண ஆயில், 20 டிகிரியில் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாகிறது. நல்ல ஃபோர்க் ஆயிலில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. டப்பாவின் விவரத் தாளில் விஸ்காசிட்டி இன்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கும். சாதாரண மினரல் ஆயிலில் அது 100-ஐ ஒட்டி இருக்கும். எண் கூடக் கூட வெயிலுக்கும் குளிருக்கும் ஆயில் குறைவாக மாறும். லடாக் போகிறவர்கள் எண்ணை மாற்றுவதைவிட இதைப் பார்த்து வாங்குவது மேல்.

ஆனால் ஒரு மணி நேரம் கரடுமுரடான ரோட்டில் ஓட்டியபின் ஃபோர்க் கைவிட்டுவிடுகிறது, அரை மணி நின்றால் திரும்ப வருகிறது என்றால் அது வேறு. இந்த ஃபோர்க்குகளில் ஆயிலும் காற்றும் ஒரே அறையில் இருக்கின்றன. தொடர்ந்து குலுக்கினால் நுரைக்கும். நுரை ஓட்டை வழியாகத் தடையில்லாமல் ஓடும். ஆயில் பழசு, அல்லது அளவு குறைவு, அல்லது ஃபோர்க்குக்கென்று செய்யாத ஆயில். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான், பழையதைக் கொட்டிவிட்டுச் சரியான அளவில் புதிது.

ஆயில் ஒழுகுகிறது

"கெட்டியா ஊத்துனா நின்னுரும்" என்பதைக் கேட்காத ஊரே இல்லை. நிற்காது. நான்கு நாள் மெதுவாக ஒழுகும், அவ்வளவுதான்.

பாதி நேரம் சீல் போயிருக்காது. அதன் உதட்டில் ஒரு மணல் துகள் சிக்கியிருக்கும். டஸ்ட் சீலை நெம்பி மேலே தள்ளிவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் முனையை ஒரு சின்னக் கொக்கி மாதிரி வெட்டி, பைப்புக்கும் சீலுக்கும் நடுவில் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். எந்த வீட்டுப் பீரோவிலும் யாருடைய முழங்காலாவது ஒன்று கிடக்கும். துடைத்துவிட்டு இருபது கி.மீ. ஓட்டிப் பாருங்கள். மறுபடி வளையமாக ஆயில் கோடு விழுந்தால் சீலை மாற்றுங்கள், இரண்டு பக்கமும்.

மாற்றும் முன் குரோம் பைப்பை நகத்தால் மேலிருந்து கீழே வருடுங்கள். நகம் ஒரு இடத்தில் தடுக்கினால் அந்தப் புள்ளிதான் சீலைக் கிழித்தது. அதை நீர் எமரியால் தேய்த்து வழவழப்பாக்காமல் புது சீல் போட்டால் ஒரு மாதம்கூட வராது. ரப்பர் உறை உள்ள வண்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும், ஒழுகல் வெளியே தெரிவதற்குள் உறைக்குள் ஒரு குளமே நிற்கும். டிஸ்க் பக்கத்துக் கால் ஒழுகினால் பிரேக் பேடைப் பாருங்கள். ஆயில் ஊறிய பேடைக் கழுவிப் போட வேண்டாம், புதிது போடுங்கள்.

10 டபிள்யூ என்றால் 10 டபிள்யூ இல்லை

சரி, எண்ணுக்கு வருவோம். எஞ்சின் ஆயிலில் இருக்கும் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. 10 டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரியில் இவ்வளவுக்கு மேல் கெட்டியாக இருக்கக் கூடாது என்ற எஸ்.ஏ.இ. விதி. ஃபோர்க் ஆயிலுக்கு அப்படி எல்லோரும் கட்டுப்பட்ட விதி இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் வரிசையில் இது லேசு, இது நடுத்தரம், இது கெட்டி என்று எண் போட்டுக்கொள்கிறது.

விவரத் தாளில் 40 டிகிரி விஸ்காசிட்டி சென்டிஸ்டோக்ஸ் கணக்கில் இருக்கும். அதுதான் உண்மையான எண். ஒரு கம்பெனியின் 10 டபிள்யூ 30 சொச்சத்தில் இருக்கும், இன்னொன்றின் 10 டபிள்யூ 40 சொச்சத்துக்கு மேல் போகும். ஒருவரின் கெட்டியான 10-ம் இன்னொருவரின் லேசான 15-ம் அண்ணன் தம்பி. எனவே நண்பர் "10 போட்டேன், பிரமாதம்" என்றால் எந்தக் கம்பெனி என்று கேளுங்கள். பிராண்டை மாற்றினால் எண்ணை விட்டுவிட்டு சென்டிஸ்டோக்ஸைப் பொருத்துங்கள்.

இதே அளவுகோலில் 20டபிள்யூ40 எஞ்சின் ஆயில் 100-ஐத் தாண்டும். என் மணிக்கட்டுக்கு நடந்தது இப்போது புரிந்திருக்கும். 10டபிள்யூ30 எஞ்சின் ஆயில்கூட 60-க்கு மேல்தான், "பத்துதானே" என்று ஊற்றிவிடாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், அதாவது ஏ.டி.எஃப்., பழைய டெக்ஸ்ரான் வகை 35-ஐ ஒட்டி வரும். எழுபதுகளில் ஹோண்டாவே சில வண்டிகளின் ஃபோர்க்குக்கு ஏ.டி.எஃப். ஊற்றச் சொல்லியிருக்கிறது. அவசரத்துக்கு அது மோசமில்லை. கோயம்புத்தூர் மாதிரி லேத் பட்டறை நிறைந்த ஊரில் வி.ஜி. 32, வி.ஜி. 46 ஹைட்ராலிக் ஆயில் எளிதில் கிடைக்கும். அந்த எண்தான் 40 டிகிரி சென்டிஸ்டோக்ஸ், ஒளிவுமறைவே இல்லை. கெட்டித்தன்மை பொருந்தினாலும் ஃபோர்க்குக்குத் தேவையான நுரை, உராய்வுக் கட்டுப்பாடு அதில் அதே அளவு இருக்காது. வழியில் மாட்டிக்கொண்டால் ஊற்றி வீடு வந்து சேரலாம்.

கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்காரர்களுக்கு: தலைகீழ் ஃபோர்க்குகள் பெரும்பாலும் இந்த வகை. உள்ளே வெறும் ஓட்டை இல்லை, மெல்லிய தகடுகள் அடுக்கிய வால்வு. அந்த அடுக்கு லேசான ஆயிலுக்காகவே கணக்கிடப்பட்டது, 40 டிகிரியில் 15 முதல் 20 சென்டிஸ்டோக்ஸ் சாதாரணம். அதில் 15 டபிள்யூ ஊற்றினால், தடையைக் கூட்டிக் குறைக்க வெளியே இருக்கும் கிளிக்கர் திருகு எதற்கும் பயன்படாது. எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கிளிக்கரையும் தகடுகளையும் தொடுவதுதான் முறை.

ஊற்றும்போது

வண்டியின் அடித்தகட்டுக்குக் கீழே ஜாக் வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தியதும், கால் இன்னும் வண்டியில் இருக்கும்போதே மேல் மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். கழற்றி எடுத்தபின் அதை அசைக்க வைஸ் தேவைப்படும், பைப் கீறும். மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும் என்பதால் கடைசி மரையில் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துத் திறக்க வேண்டும். முகத்தை நேர்மேலே வைக்காதீர்கள்.

கவிழ்த்து, பத்து முறை அமுக்கி இழுத்து, ஒரு ராத்திரி கவிழ்ந்தபடியே விடுங்கள். வெளியே வந்த ஆயிலை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வெயிலில் பாருங்கள். வெள்ளிப் பொடி மினுங்கினால் உள்ளே அலுமினியமோ புஷ்ஷோ தேய்கிறது. பால் மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஆற்றைக் கடக்கிறவர்களுக்கு இது வழக்கம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால் முழுக்க உலரவிடுங்கள். ஒரு பிடி தங்கினாலும் புது ஆயில் நீர்த்துவிடும். நான் மலிவான ஃபோர்க் ஆயிலில் கொஞ்சம் ஊற்றி அலசிவிடுகிறேன்.

புது ஆயிலைத் தேவைக்குச் சற்று அதிகமாக ஊற்றி, மெதுவாகப் பதினைந்து முறை அமுக்கி இழுத்து, ஒரு மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். குமிழி எல்லாம் மேலே வரட்டும். பிறகு முழுக்க அமுக்கி, 50 மி.லி. சிரிஞ்சில் டிரிப் போடும் டியூபைச் செருகி, டியூபில் தேவையான ஆழத்தில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். டேப் பைப்பின் விளிம்பில் நிற்கும்படி டியூபை இறக்கி, காற்று வரும்வரை உறிஞ்சுங்கள். மட்டம் தானாகவே சரியான இடத்தில் நின்றுவிடும். அடுத்த காலிலும் அதே டேப், அதே ஆழம்.

கடைசியாக, எண், பிராண்ட், காற்றிடைவெளி, கிலோமீட்டர் நான்கையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். என் சீட்டுக்கு அடியில் இப்போது இருப்பது: 10 டபிள்யூ, 40 டிகிரியில் 36, மேனுவலைவிட 10 மி.மீ. குறைவான இடைவெளி. எஸ்டேட் ரோட்டில் போன வாரம் கேபிள் டை டிராவலின் கடைசிக்கு 12 மி.மீ. முன்னால் நின்றது.